ஆஸ்பத்திரியில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வது?

பர்மாவில் தட்டோன் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 74 வயது, மளிகைக் கடைக்காரர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் நின்றுவிட்டது. ரங்கூன் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பத்து நாள் ஆகிறது. இன்னும் மூன்று வாரமாவது ஆகும் என்கிறாராம் டாக்டர். ரங்கூனிலேயே தாம்வே பேட்டையில் சித்தப்பா வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் போய் வருகிறார். “பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன செய்வதென்றே தெரியவில்லை அக்கா, போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் அம்மா தனியாகக் கடையைப் பார்க்கிறார். இங்கே இருந்தும் பிரயோஜனம் இல்லை, கிளம்பவும் மனசு வரவில்லை” என்கிறார்.

தம்பி, நாளைக்கு ஒரு நாள் கணக்குப் பாருங்கள். அப்பா கட்டிலை ஒட்டி நீங்கள் உண்மையில் உட்காரும் நேரம் எவ்வளவு? மருந்துக் கடைக்கு இரண்டு நடை, ரத்தப் பரிசோதனைச் சீட்டுக்கு ஒரு வரிசை, வெந்நீருக்கு ஒரு வரிசை, துணி அலசல், சாப்பாடு, ஊருக்குப் போன். எல்லாம் போக முக்கால் மணி நேரம் தேறினால் பெரிது. அதுவும் ஓடிக் களைத்து வந்து தொப்பென்று விழுகிற நேரம். அந்த நேரத்தில் யாருக்குத்தான் என்ன பேசுவதென்று தோன்றும்? கை தானாகப் போனுக்குத்தான் போகும்.

எனக்கும் அதுதான் நடந்தது. நான் மோல்மேனில் நர்ஸாக இருந்தவள். 2009 மழைக்காலத்தில் என் அம்மாவுக்கு இதே வியாதி, இதே வலது பக்கம். ரங்கூனுக்குக் கொண்டுவந்து ஓர் ஆஸ்பத்திரியில் 41 நாள் கிடந்தோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். நர்ஸ் ஆயிற்றே, எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு எனக்கு. டிரிப் எத்தனை சொட்டு விழுகிறது என்று எண்ணுவேன், ரத்தக் கொதிப்பைக் குறித்து வைப்பேன், அங்கிருந்த சயாமாக்களோடு, அதாவது நர்ஸுகளோடு, மல்லுக்கு நிற்பேன். பதினோரு நாள் அம்மா தலையை வாரிவிடக்கூட இல்லை. பின்னல் சிக்குப் பிடித்து, கடைசியில் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. வெட்டும்போது அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று நடந்தது. அம்மாவின் சீட்டில் ‘சொன்னால் புரிந்துகொள்ளவில்லை’ என்று எழுதியிருந்தார்கள். காலையில் டாக்டர் வருவார், “நே கவுங் லா?” (நன்றாக இருக்கிறீர்களா?) என்பார், கையைத் தூக்கச் சொல்வார், எல்லாம் பர்மிய மொழியில்தான். அம்மா மேலே ஓடுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் வார்டில் எல்லோரிடமும் பர்மிய மொழியிலேயே பேசிப் பேசி, அந்த வாயாலேயே அம்மாவிடமும் பேசியிருக்கிறேன். எனக்கு உறைக்கவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை ஈச்சாகுவே, அதுதான் எண்ணெயில் பொரித்த நீள மாவுப் பலகாரம், வாங்கிவந்து அலமாரி மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். ரங்கூன் காக்காவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியில் ஒன்று வந்து உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. அம்மா படுத்தபடியே, “ச்சூ, போ சனியனே!” என்றார். அவ்வளவு தெளிவாக! பக்கத்துக் கட்டில் பர்மிய அம்மாள் என்ன ஏது என்று புரியாமலே சிரித்துவிட்டார். நான் ஓடிப்போய் அம்மா காதருகே, “அம்மா, நாக்கை நீட்டு” என்றேன். நீட்டினார். “கண்ணை மூடு” என்றேன். மூடினார். பன்னிரண்டு நாளாக எல்லாம் புரிந்துகொண்டுதான் படுத்திருந்தார், தமிழில் கேட்டிருந்தால்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடது பக்கத்தில். அந்தப் பக்கம் அடி வாங்கினால் வலது கை காலோடு பேச்சும் சேர்ந்து போகும். ஆனால் யோசித்துக் கோக்க வேண்டிய வாக்கியங்கள்தான் முதலில் போகும். வசவு, சாமி பேர், ஒன்று இரண்டு மூன்று, பழகின பாட்டு இதெல்லாம் வாயில் தானாக ஓடுகிற சரக்கு. பேச்சே இல்லாதவர்களிடமிருந்தும் சில சமயம் இவை முழுசாக வந்து விழும்.

இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு எந்த மொழி முதலில் திரும்பும் என்பது பழைய வழக்கு. ரிபோ என்ற பிரெஞ்சுக்காரர் சின்ன வயதில் கற்ற மொழிதான் முதலில் என்றார். 1895-இல் பிட்ரே என்ற இன்னொரு பிரெஞ்சு மருத்துவர், வியாதிக்கு முன்னால் அதிகம் புழங்கிய மொழிதான் முதலில் என்றார். நிறைய பேருக்கு இரண்டும் சேர்ந்தே மெல்ல மெல்லத் திரும்புவதைத்தான் பின்னால் வந்தவர்கள் பார்த்தார்கள். என் அம்மா சந்தையில் நாற்பது வருஷம் பர்மிய மொழியில் மீன் விலை பேசியவர். அவருக்குத் தமிழ்தான் முதலில் வந்தது, பர்மிய மொழி மூன்று மாதம் கழித்து அரைகுறையாக வந்தது. உங்கள் அப்பாவுக்கு எப்படியோ, சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால் நாளைக் காலை கை ஜாடை ஏதும் காட்டாமல், தமிழில், ஒவ்வொன்றாகக் கேளுங்கள். “அப்பா, கண்ணை மூடுங்க.” கொஞ்சம் பொறுங்கள். நாம் ஒன்று இரண்டு எண்ணுவதற்குள் பதில் வரவில்லையென்று அடுத்ததைக் கேட்டுவிடுகிறோம். அவருக்குப் பத்து எண்ணும் அளவு நேரம் வேண்டும். “இடது கையைத் தூக்குங்க.” அப்புறம் தெரிந்த விஷயத்தில் ஒரு பொய்யும் ஒரு நிஜமும்: “நம்ம ஊரு மாண்டலேயா?” “நம்ம ஊரு தட்டோனா?” தலையாட்டல் சரியாக இருந்தால் ஆம், இல்லை இரண்டையும் நம்பலாம். எல்லாவற்றுக்கும் ஆம் என்றே ஆட்டினால் இன்னும் நம்ப முடியாது என்று அர்த்தம். பிறகு அதையே பர்மிய மொழியில் கேளுங்கள். முடிவை ஒரு தாளில் எழுதி, டாக்டர் ரவுண்டு வரும்போது கொடுங்கள். வார்டில் தமிழ் தெரிந்தவர் வேறு யாரும் இல்லையென்றால், இதைச் செய்யக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். இருந்தும் பிரயோஜனம் இல்லை என்று எழுதியிருந்தீர்களே, அதற்காகத்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

மொழிபெயர்க்கும்போது ஒன்று கவனியுங்கள். அப்பாவைக் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். “வலிக்கிறதா என்று கேளுங்கள்” என்று டாக்டர் சொன்னால், “இல்லை சயா, நன்றாகத்தான் இருக்கிறார்” என்று சொல்லிவிடுவது நம் ஆட்கள் வழக்கம். கேளுங்கள், தலையாட்டும் வரை பொறுங்கள், அதை அப்படியே சொல்லுங்கள். டாக்டர் போனதும் அவர் சொன்னதை அப்பாவுக்குச் சொல்லுங்கள். கட்டிலுக்கு மேலே நின்றுகொண்டு உங்கள் சித்தப்பாவும் நீங்களும் வயலை விற்கலாமா, கடன் வாங்கலாமா என்று பேசாதீர்கள். அவருக்குக் காது போகவில்லை.

சரி, பேச்சுக்கு வருவோம். என்ன பேசுவது? “எப்படி இருக்கு, சாப்பிட்டீங்களா” என்பது இரண்டு நாளில் தீர்ந்துவிடும். பெகுப் பக்கத்துப் பெரியவர் ஒருவரை நான் வீட்டிலேயே போய்ப் பார்த்துக்கொண்டேன். உங்கள் அப்பா மாதிரியே கடைக்காரர், பேச்சு இல்லை, எதைச் சொன்னாலும் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவர் பேரன் ஒரு நாள் கடன் நோட்டை எடுத்து வந்து, விளையாட்டாக ஒவ்வொரு பேராக வாசித்தான். எட்டாவதோ ஒன்பதாவதோ பேர் வந்ததும் பெரியவரின் இடது புருவம் மேலே போயிற்று. மறுபடி வாசித்தான், மறுபடி போயிற்று. நல்ல இடது கையால் இரண்டு விரலைக் காட்டினார். அந்த ஆள் இரண்டு மூட்டை அரிசிக்குப் பாக்கி, நோட்டில் ஒன்றுதான் எழுதியிருந்தது!

உங்கள் அம்மாவிடம் சொல்லி நோட்டுப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்தச் சாமான் தீர்ந்தது, யார் வந்தார்கள், என்ன விலைக்கு வாங்குவது என்று அப்பாவைக் கேளுங்கள். இரண்டு விலை சொல்லி எது என்று கேட்டால் தலையாட்டிவிடுவார். கடை அவர் கையில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியட்டும். ஊரில் அம்மாவுக்கும் தனியாக முடிவெடுக்கிற பாரம் கொஞ்சம் குறையும். அடுத்ததாக எண்ணிக்கை, கிழமைகள், வாய்ப்பாடு. நீங்கள் “ஓரெட்டு எட்டு, ஈரெட்டு” என்று நிறுத்தினால் அவர் முடிக்கிறாரா பாருங்கள். முருகன் பாட்டு ஏதாவது அவருக்குப் பழக்கமென்றால் மெதுவாகப் பாடுங்கள், குரல் நன்றாக இல்லாவிட்டால் பரவாயில்லை, வார்டில் யாருக்கும் வரிகள் புரியப்போவதில்லை. ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம் போதும், ஒரு நாளில் நாலைந்து தடவை செய்யலாம். களைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அதோடு விட்டுவிடுங்கள். பேச வராத வார்த்தைக்குத் திணறும்போது நீங்கள் அவசரப்பட்டு முடித்துவைக்காதீர்கள். சிலர் குழந்தையிடம் பேசுவது போலக் கொஞ்சிப் பேசுகிறார்கள். ஒரு கடையை நடத்தியவருக்கு அது எவ்வளவு அவமானம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

பேசாத நேரத்தில் கைக்கு வேலை நிறைய இருக்கிறது. பர்மாவில் படுக்கைப் பக்கத்து வேலை பாதிக்கு மேல் லூனாசவுங் தலையில்தான், அதாவது கூட இருப்பவர் தலையில். முதல் வேலை திருப்பிப் படுக்கவைப்பது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம் என்று மாற்ற வேண்டும். திருப்பும்போது இடுப்பெலும்பு, வால் எலும்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்துப் பிறகு சிவந்தால் தப்பித்தோம். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. அன்றைக்கே சயாமாவிடம் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் படுக்கவைக்காதீர்கள். அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கவும் கூடாது.

மேலே நகர்த்த இரண்டு பேர் அக்குளில் கைவிட்டுத் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வலது தோள் இப்போது பிடிப்பில்லாமல் இருக்கிறது, இழுத்தால் மூட்டு இறங்கிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும். நம் லுங்கியே போதும். பழைய, நன்றாகத் துவைத்த லுங்கி ஒன்றை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை அவர் முதுகுக்குக் கீழே விரித்து வைத்துவிடுங்கள். இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் இன்னொருவர், இரண்டு ஓரத்தையும் உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, “ஒன்று, இரண்டு, மூன்று” என்று சேர்ந்து நகர்த்தினால் பூப்போல மேலே வருவார். அந்த எண்ணிக்கையை அப்பாவையே சொல்லச் சொல்லுங்கள். எங்கள் அம்மா “மூணு” மட்டும் சொல்வார், நாங்கள் அதற்காகக் காத்திருப்போம். கீழே மடிப்புச் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட மறக்காதீர்கள். மழைக்காலமாக இருக்கிறது, நாலு லுங்கி இருந்தாலும் காயாது, ஆறு லுங்கியாவது வேண்டும்.

சாப்பாடு கொடுப்பதில் ஆசையைக் கொஞ்சம் அடக்க வேண்டும். விழுங்கும் தசையும் பலவீனப்பட்டிருந்தால் கஞ்சி வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக் குழாய்க்குப் போய்விடும், நுரையீரலில் சளி கட்டும். பக்கவாதம் வந்தவர்களில் பலரைக் கொண்டுபோவது இதுதான். மூக்குக் குழாய் போட்டிருந்தால் வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது, சொந்தக்காரர் பாசத்தில் ஒரு மடக்கு லப்பேயே (தேநீர்) கொடுக்க வந்தாலும் தடுத்துவிடுங்கள். வாயால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, நிமிர்ந்து உட்காரவைத்து, தாடை சற்றுக் கீழே இருக்க, சிறு கரண்டியில், நல்ல பக்கத்துக் கன்னத்தில் கொடுங்கள். தண்ணீரைவிடக் கெட்டிக் கஞ்சி நல்லது. தெருவில் விற்கிற சான்பியோ என்ற அரிசிக் கஞ்சி வேண்டாம், அதில் எலும்புத் துண்டு வரும். வீட்டில் குழையக் காய்ச்சி மசித்துக் கொண்டுபோங்கள். இருமினாலோ, குரல் கொழகொழவென்று மாறினாலோ உடனே நிறுத்த வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது, குழாயில் கொடுத்தாலும் அதே சட்டம்தான். அந்த அரை மணி நேரம் உங்களுக்கு நல்ல நேரம். முகம் துடைத்துவிடலாம், நகம் வெட்டலாம், சவரம் செய்யலாம். என் அம்மாவுக்கு நான் அந்த நேரத்தில்தான் தனாக்கா மரப்பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசுவேன். விழுந்த பக்கத்தில் பூசும்போது தெரியவே தெரியாது அவருக்கு, நல்ல பக்கத்தில் பூசும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

சாயங்காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரியில் விளக்கு வைக்கும் நேரத்தில் புத்தி தடுமாறும். செத்துப்போன அண்ணன் வந்து நிற்கிறார் என்பது போலப் பார்ப்பார்கள், குழாயைப் பிடுங்குவார்கள், எழுந்து போகப் பார்ப்பார்கள். பேயோ பிசாசோ என்று பயந்து விபூதி மந்திரிக்க ஆள் தேடுகிறவர்கள் உண்டு. விபூதி பூசுங்கள், நல்லதுதான், கூடவே சயாமாவிடமும் சொல்லுங்கள். மலச்சிக்கல், சிறுநீர் இறங்காதது, காய்ச்சல், குடிக்கிற தண்ணீர் போதாதது இவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம். நீங்கள் செய்ய வேண்டியது, எதிர்த்து வாதாடாமல், “அப்பா, இது ரங்கூன் ஆஸ்பத்திரி, நான்தான் வந்திருக்கேன், இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்” என்று அமைதியாகச் சொல்வது. ஒரு கடிகாரம் கண்ணில் படட்டும். கண்ணாடி போடுகிறவர் என்றால் போட்டுவிடுங்கள், அதைப் பத்திரமாகப் பையிலேயே வைத்திருக்கிற புத்திசாலிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மின்சாரம் போனால் அந்த இருட்டில் இன்னும் மிரண்டுபோவார்கள், சின்ன டார்ச் ஒன்று தலைமாட்டில் வையுங்கள்.

எந்நேரமும் கூடவே இருக்க முடியாது என்றால், காலை ரவுண்டு நேரத்தையும் மாலை நாலரையிலிருந்து எட்டு வரையும் உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலை வேறு ஆளிடம் விடுங்கள். மருந்துக் கடை, சீட்டு, வரிசை எல்லாவற்றையும் அந்த நடுப்பகலுக்குள் தள்ளுங்கள், அல்லது சித்தப்பா மகனிடம் கொடுங்கள். அவரை அப்பா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் வரிசையில் நிற்பது தலைகீழ் ஏற்பாடு. வரிசையில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம், கடன் நோட்டு உங்களுக்குத்தான் தெரியும். பக்கத்துக் கட்டில் லூனாசவுங்குகளைப் பழகிக்கொள்ளுங்கள். மோன் இனத்து அக்கா ஒருவரும் நானும் முறை வைத்துக்கொண்டோம். நான் அவர் மாமியாரைப் பார்த்துக்கொள்வேன், அவர் என் அம்மாவைப் பார்த்துக்கொள்வார், இப்படி இரண்டு பேருக்கும் தினம் மூன்று மணி நேரம் தூக்கம் கிடைத்தது. என் ரசத்துக்கு அந்த வார்டில் நல்ல கிராக்கி.

தங்குமிடம் பற்றி ஒரு வார்த்தை. 2021 பிப்ரவரியிலிருந்து வீட்டில் இரவு தங்கும் விருந்தாளியைப் பேட்டை வார்டு ஆபீஸில் பதிய வேண்டும் என்ற சட்டம் மறுபடி வந்துவிட்டது. சித்தப்பா இதுவரை பதியவில்லையென்றால் இன்றே பதியச் சொல்லுங்கள். உங்கள் அடையாள அட்டை, அப்பா அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு மூன்றுக்கும் நகல் எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் கூடவே வையுங்கள். சாப்பாட்டுக்கு அனோரட்டா ரோட்டுக்குப் போனால் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. நம் பெரியவர்கள் இன்னும் பிரேசர் ஸ்ட்ரீட் என்றுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நடக்கும் தூரம். அதே பக்கம்தான் 1871-இல் நம்மவர்கள் கட்டிய காளியம்மன் கோயில். போங்கள், அரை மணி நேரம் தூணில் சாய்ந்து உட்காருங்கள். அந்த நேரம் அப்பாவிடமிருந்து திருடிய நேரம் என்று நினைக்க வேண்டாம்.

ஊருக்கு ஒரு நடை போகலாமா என்று தயங்குகிறீர்கள். போகலாம். உடம்பு ஒரு நிலைக்கு வந்திருக்கிறது, புதிதாக எதுவும் செய்யப்போவதில்லை என்று டாக்டர் சொல்கிற வாரத்தில் போங்கள். ஆனால் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தூங்கும்போது நழுவிப்போவது நம் வீடுகளில் வழக்கம், அழுவார் என்று பயம். முழித்துப் பார்த்து ஆளைக் காணாமல், கேட்கவும் வாய் இல்லாமல் கிடப்பது அதைவிடக் கொடுமை. “வெள்ளிக்கிழமை போய், திங்கட்கிழமை வந்துடுவேன், அம்மாவைப் பார்க்கணும்” என்று சொல்லி, காலண்டர் தாளில் வட்டம் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். நாள் தவறாமல் திரும்புங்கள். அங்கிருந்து பேசும்போது, பேச வராதவரிடம் போன் செய்து என்ன பயன் என்று நினைக்காதீர்கள், காதில் வைத்து அம்மாவைப் பேசவிடுங்கள். கடைச் சத்தம், வாசலில் ஆட்டோ சத்தம், எதுவானாலும் கேட்கட்டும்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். மூன்று வாரம் கழித்து என்ன என்று இப்போதே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். “குணமாகுமா?” என்று கேட்டால் “பார்ப்போம்” என்பார். “வீட்டில் செய்ய முடியாத எதை இங்கே செய்கிறீர்கள்?” என்று மரியாதையாகக் கேளுங்கள், அதற்கு நேரான பதில் கிடைக்கும். முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதற்காக மூன்று மாதமும் கட்டிலில் கிடக்க வேண்டியதில்லை. கை கால் பயிற்சியை நீங்கள் கற்றுக்கொண்டு ஊரிலும் செய்யலாம்.

உங்கள் அப்பா படுத்திருக்கும் அதே ஆஸ்பத்திரியில் நடந்தது ஒன்று. பர்மாவின் விடுதலைத் தலைவர் ஜெனரல் ஆங் சான் 1942-இல் நோயாளியாக அங்கே இருந்தபோது, அங்கே நர்ஸாக இருந்த டோ கின் சியைச் சந்தித்தார், அதே வருஷம் கல்யாணம். டோ கின் சி பின்னால் இந்தியாவுக்குத் தூதராகப் போனவர். அவருக்கு 1988 மார்ச் கடைசியில் பக்கவாதம் வந்து, தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே நோயாளியாகச் சேர்ந்தார். மகள் ஆங் சான் சூ சி இங்கிலாந்திலிருந்து ஓடிவந்து மூன்று மாதத்துக்கு மேல் கட்டிலோடு கட்டிலாக இருந்தார். இனி தேறாது என்று தெரிந்ததும் ஜூலையில் ஏரிக்கரை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். டிசம்பர் 27-இல் வீட்டில்தான் உயிர் போயிற்று. மகளுடைய மற்ற கதை ஊருக்கே தெரியும். நர்ஸுகள் நாங்கள் பேசிக்கொள்வது இந்த ஜூலையைப் பற்றித்தான்.

ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பக்கத்துக் கிராமங்களின் வழக்கம் உங்களுக்கே தெரியும். வெளியூரில் போன உயிரின் உடம்பைப் பல ஊர்களில் உள்ளே விட மாட்டார்கள், வீட்டு வாசலுக்கு வராமல் நேரே சுடுகாட்டுக்குப் போக வேண்டியதுதான். அம்மா கடைசியாக வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைப்பார். அதனால், தேறாது என்று டாக்டர் வாயால் வந்தால் ஒரு வாரம் இழுத்தடிக்காதீர்கள். அப்பா சொல்ல முடியாதவர் அல்ல, இப்போது உங்களுக்கு ஆம், இல்லை கேட்கத் தெரியும். “வீட்டுக்குப் போலாமாப்பா?” என்று அவரையும் கேட்டுவிடுங்கள். என் அம்மா அந்தக் கேள்விக்கு ஒரே நாளில் ஏழு தடவை தலையாட்டினார். கொண்டுபோனோம், அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் திண்ணையில் உட்கார்ந்து காக்கா விரட்டினார். எல்லாருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன்.

பயணம் என்று வந்தால் பகலில் கிளம்புங்கள். சிட்டாங் பாலம், பிலின் வழி நிலவரத்தை முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள், சோதனைச் சாவடிகளில் காட்ட டிஸ்சார்ஜ் சீட்டு மேலாக இருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தித் திருப்பிவிட வேண்டும். கிளம்புவதற்கு முன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள்.

நான் இப்போது தாம்வேயில்தான் இருக்கிறேன், உங்கள் சித்தப்பா வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரே நடை. வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை எனக்கு வேலை இல்லை. வார்டு நம்பரை அனுப்புங்கள். நான் வந்து அப்பாவோடு உட்காருகிறேன், லுங்கி மடிக்கும் விதத்தையும் நேரில் காட்டிவிடுகிறேன். நீங்கள் போய் முடி வெட்டிக்கொண்டு, நன்றாகக் குளித்துவிட்டு, ஒரு தூக்கம் போட்டு வாருங்கள். வரும்போது கடன் நோட்டின் படங்களைக் கொண்டுவர மறக்காதீர்கள், எனக்கும் அந்தப் புருவத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.